படம் எடுத்தவர்

பனி மூடிய ஒரு தெரு. மரத்தால் கட்டிய விடுதியின் முன்னால் சிலர் தோளோடு தோள் நின்று, வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிச் சிரிக்கிறார்கள். படத்தின் கீழ்விளிம்பிலிருந்து ஒரு நிழல் அவர்களை நோக்கி நீள்கிறது: வலது தோள் உயர்ந்து, முழங்கை வெளியே தள்ளிய நிழல். நான் முதலில் பார்த்தது அந்த நிழலைத்தான்.

இலக்கியப் படிப்புக்கிடையே, மொன்றியலில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களை ஸ்கேன் செய்து அவற்றுக்கு விவரம் எழுதுகிறேன். மேற்கே, கோதுமையை நம்பிக் குடியேறியவர்கள் உருவாக்கிய ஒரு சிற்றூரின் வரலாற்றுச் சங்கம் கலைந்தபோது, அதன் பெட்டிகள் எங்களிடம் வந்தன. அந்த ஊரின் பெயரைக் கண்டதும் அவற்றை நானாகவே கேட்டு வாங்கினேன். அம்மாவின் அண்ணனான என் மாமா, கனடாவுக்கு வந்த புதிதில் அங்கேதான் விடுதிச் சமையற்காரராக இருந்தார்.

பின்னர் அவர் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் எங்களோடு வாழ்ந்தார், மணம் செய்யவில்லை. அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றுதான்: "அங்கை எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதால கமெரா எப்பவும் என்ர கையிலதான்." நாங்கள் அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலும் கமெரா அவர் கையில்தான் இருந்தது. நான் முதல்நன்மை வாங்கிய அன்று தேவாலய வாசலில் அம்மா கடிந்துகொண்டார்: "வெயிலுக்கு முதுகைக் காட்டாதேங்கோ அண்ணை, உங்கட நிழல் விழுது." வலது தோளை உயர்த்தியபடி நின்ற மாமா அசையவில்லை. "நான் வெயிலைப் பாத்தா, நீங்கள் எல்லாரும் இருட்டில நிப்பியள்."

அவர் இறந்தபோது சவப்பெட்டியருகே வைக்க ஒரு படம் கிடைக்கவில்லை. அடையாள அட்டையிலிருந்த முகத்தைப் பெரிதாக்கினோம். அது புள்ளிகளாகச் சிதறியது.

அந்தப் பனித்தெருப் படத்தின் விவரப் பதிவில் 'படம் எடுத்தவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்த நிழல் என் மாமாவுடையது என்றேன். "ஒப்பிட்டுப் பார்க்க ஏதேனும் இருக்கிறதா?" என்று காப்பகப் பொறுப்பாளர் கனிவாகவே கேட்டார். வீட்டு அல்பம் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னேன்.

அன்று மாலை அதைத் திறந்தேன். ஒவ்வொரு படத்திலும் எங்கள் கால்களுக்குக் கீழே கத்தரிக்கோலின் நேர்கோடு.

"அல்பத்துக்கு அளவாய் நான்தான் வெட்டினனான்," என்றார் அம்மா சமையலறையிலிருந்து. "நிழல் விழுந்த பக்கம்தானே பிள்ளை, வடிவில்லை எண்டு."

நான் போனில் அந்தப் பனித்தெருவைக் காட்டினேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரல்களால் அதைப் பெரிதாக்கினார். சிரித்தவர்களின் முகங்கள் திரையைவிட்டு நழுவின. நிழல் மட்டும் எஞ்சியது.

"அண்ணை," என்றார். "தோளைப் பார். அங்கையும் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிண்டிருக்கிறார்." திரை மங்கும்போதெல்லாம் அதைத் தொட்டு ஒளிரவைத்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

அவருடைய தங்கையான அம்மாவே அடையாளம் சொன்னார் என்பதைப் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். மாமாவின் பெயரை எழுதினேன். ஏனையோரின் பெயர்கள் படத்தின் பின்புறம் முன்பே இருந்தன.

உறையிலிடுமுன் அதை மீண்டும் பார்த்தேன். எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய நிழல் அவர்களின் சப்பாத்துகளுக்குச் சற்று முன்பாக, பனியிலேயே முடிந்திருந்தது.