மேடம் பத்தா, சித்திரை பத்தா: இரண்டு பிள்ளைகளுடன் கொழும்புக்கு

என் தம்பி தேவதாஸ் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் கணக்கர். அவனுடைய பிள்ளைகள் செல்வினும் ரூபியும் படிப்புக்காக நாகர்கோவிலில் என்னுடன் இருக்கிறார்கள். செல்வினுக்கு ஏழு வயது, ரூபிக்கு நாலு. பெற்றோரைப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மே மாதம் நாலாம் தேதிக் கப்பலில் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் எட்டு நாள் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவேன் என்று தம்பி எழுதினான். அதற்கு அடுத்த கப்பல் நான்கு நாள் கழித்துத்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் நான் கடல் கடந்தது இந்த ஒரு காரணத்துக்காக. சிறு பிள்ளைகளுடன் கொழும்பு போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஏற்பாடு செய்யும்போதே குழப்பம் தொடங்கிவிட்டது. நம் திருவிதாங்கூர்க் காசான சக்கரம் ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் செல்லாது. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். அந்த ரூபாயை இலங்கையில் சதமாக மாற்ற வேண்டும். நான் கணிதத்தில் பட்டம் பெற்றவள். இருந்தும் மூன்றாவது முறை கூட்டியபோதும் மூன்றாவதாக ஒரு தொகைதான் வந்தது.

கப்பலேற அம்மை குத்திய சீட்டு அவசியம். செல்வினுக்குப் பழைய தழும்பு இருந்தது, அதுவே போதும். நான் விடைத்தாள் திருத்தத் திருவனந்தபுரம் போயிருந்த மூன்று நாட்களில், எங்கள் சமையற்காரி ஞானம்மாள் ரூபிக்கு ஊசி போடவைத்துச் சீட்டும் வாங்கி வைத்திருந்தாள். அதில் 'கொல்லம் 1107, மேடம் 10' என்று எழுதியிருந்தது. படித்தேன், மடித்துப் பைக்குள் வைத்தேன். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் வருஷத்தையும் மாதத்தையும் வேறு எப்படி எழுதுவார்கள்?

வடசேரியில் காலை ஆறரைக்கு பஸ். தோவாளையில் பூக்கூடைகளை மேலே ஏற்றக் கால் மணி நேரம் நின்றது. ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கியில் சேவகர்கள் கூடைகளைக் கிளறிப் பார்த்தார்கள்.

"இனி வெளிநாடாக்கும் மக்கா," என்றார் டிரைவர் செல்வினிடம். "நம்ம ராஜாவுக்க எல்லை இத்தோட சரி."

"அப்ப இது கொளும்பா அத்தை?" என்று ரூபி கேட்டாள்.

இல்லை என்றேன். இது வெளிநாடு, ஆனால் கொழும்பு இல்லை என்பதை நாலு வயதுப் பிள்ளைக்கு விளக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கே அது தெளிவாக இல்லை.

திருநெல்வேலிக்கு ஐம்பது மைல். பத்தேகாலுக்குச் சேர்ந்தோம். பதினொன்று நாற்பதுக்கு ரயில், மணியாச்சியில் வண்டி மாறி இரண்டரைக்குத் தூத்துக்குடி. கப்பல் கரையிலிருந்து ஆறு மைல் தள்ளி நிற்கும். நாலு மணிக்குப் புறப்படும் படகில் போய் ஏற வேண்டும். படகுக்கு முன்னால் ஒரு கொட்டகையில் சீட்டுகளைச் சரிபார்த்தார்கள்.

அங்கிருந்த குமாஸ்தா ரூபியின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா வருஷம் இது, ஆயிரத்து நூத்தி ஏழு? பிள்ளைக்கு எண்ணூறு வயசாவுதோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அது திருவிதாங்கூரில் வழங்கும் கொல்லம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1932 என்று சொன்னேன்.

"உங்க ஊரு வருஷத்தை உங்க ஊரோட வச்சுக்கிடுங்க. குத்தி முழுசாப் பன்னெண்டு நாள் ஆயிருக்கணும். ஆகலேன்னா ஏத்த முடியாது. அங்க போயிக் காய்ச்சல் கண்டுச்சுன்னா வீட்டையே அடைச்சு வச்சிருவாங்க. மேடம்னா என்ன மாசம்?"

"சித்திரை," என்றேன்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினார். "சித்திரை பத்து, ஏப்ரல் இருபத்திரண்டு. இன்னைக்கு மே நாலு. பன்னெண்டு சரியா இருக்கு. போங்க."

சீட்டில் முத்திரை விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேடமும் சித்திரையும் ஒரே மாதம்தான். ஆனால் அந்த வருஷம் சித்திரை பிறந்த மறுநாள்தான் மேடம் பிறந்தது. நம் ஊரில் தமிழ், மலையாளம் இரண்டு பஞ்சாங்கத்தையும் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். மேடம் பத்து என்றால் ஏப்ரல் இருபத்து மூன்று. ஆகியிருந்தது பதினொரு நாள்.

வாயைத் திறந்தால் அடுத்த கப்பல்தான், தம்பியின் எட்டு நாள் லீவில் நான்கு போய்விடும். "அந்தா தெரியுதே, அதுதான் நம்ம கப்பலா அத்தை?" என்று செல்வின் என் கையை இழுத்தான். பரீட்சையில் அரை மதிப்பெண்கூடச் சும்மா போடாதவள் நான். பேசாமல் படகில் ஏறினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கொழும்பு. ரூபி அம்மாவை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் அவளிடம் போனாள். டிராம், காலிமுகத் திடல், மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு எல்லாம் பார்த்தோம். கறுவாத் தோட்டத்து வீதிகள் அழகு என்கிறார்கள். இருக்கலாம். நான் அரை மணிக்கு ஒரு தரம் ரூபியின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்க்கா, பிள்ளைக்க நெத்திய இப்பிடித் தடவிட்டே இருக்கிய?" என்று தம்பி கேட்டான்.

"வெயில் ஜாஸ்தி," என்றேன்.

"கொளும்புல மட்டுமா வெயிலு? கடலைப் பாருங்கக்கா."

காய்ச்சல் வரவில்லை. எட்டு நாளும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாள் விதி தேவையற்றதா, எங்களுக்கு அதிர்ஷ்டமா என்று எனக்குப் புரியவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மை குத்துகிறவரை வடசேரிச் சந்தையில் பார்த்தேன். சீட்டில் இங்கிலீஷ் தேதியும் போட்டால் நல்லது என்றேன்.

"போடலாமே டீச்சரம்மா. உங்க பிள்ளைக்குக் குத்துனது ஒம்பதாம் தேதியாக்கும். மறுநாள் ஆபீசுல இருந்து எழுதுனேன், கை தன்னால பத்துன்னு போட்டுட்டு. ஒரு நாள்தானே, என்னத்துக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்."

மேடம் ஒன்பது, ஏப்ரல் இருபத்திரண்டு. குமாஸ்தா தப்பாக எண்ணிச் சரியான நாளுக்கு வந்திருக்கிறார். நான் சரியாக எண்ணித் தப்பான நாளுக்கு.

போகிறவர்கள் கவனிக்க: சீட்டில் இங்கிலீஷ் தேதி இருக்கட்டும். ஊசி போடும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கப்பலுக்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். படகில் குழந்தைகளுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டகையில் ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் எந்த விதியையும் மீறவில்லை என்று இப்போது தெரிகிறது. படகில் ஏறியபோது எனக்கு அது தெரியாது.