மூன்று விதமாக வந்த பிரேக் எண்

லிஃப்டுகளின் சர்க்யூட் போர்டைப் பழுது பார்க்கும் போர்டுக்காரர் எந்தச் சிப்பையும் மூன்று முறை படிக்காமல் திருப்பிக் கொடுக்கமாட்டார். பதினோரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவர்மேல் உள்ள மனத்தாங்கலே அதுதான். அரைமணி வேலையை அவர் ஒரு நாளாக இழுப்பார். படியேறி மூச்சு வாங்குகிறவர்களிடம் ஏச்சு வாங்குவது மெக்கானிக்.

"ஏண்ணே, பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

கண்ணில் செருகிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே பதில் வரும். "பரீட்சைக்கே படிக்காத ஆளு நீ. சும்மா உக்காரு."

லிஃப்ட் மோட்டாரை இயக்குவது டிரைவர் என்கிற ஒரு சர்க்யூட். எத்தனை மாடி, என்ன வேகம், எந்த நொடியில் பிரேக்கை விடுவது என்ற எண்களெல்லாம் அதற்காக நகத்தளவு ஃபிளாஷ் சிப்பில் கிடக்கும். கரண்டு போனாலும் அழியாது. கட்டடத்துக்குக் கட்டடம் எண் வேறு. போர்டு கெட்டால், பழைய சிப்பில் இருப்பதை மூன்று முறை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து வரிவரியாக ஒப்பிட்ட பிறகே புதியதில் ஏற்றுவார்.

போன வாரம் அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டே நின்றுபோனது. கீழ்த்தளத்தில் அவர் பட்டறை. ஐந்தாம் மாடியில் மனைவி. வாரம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். படியில் கால் வைக்க முடியாதவர். அன்றைக்குப் பதினொரு மணிக்குப் போயாக வேண்டும்.

மூன்று முறை படித்தார். பிரேக் எண் மூன்று விதமாக வந்தது. சிப் செத்துக்கொண்டிருந்தது. லிஃப்ட் செய்த கம்பெனியை மூடி எட்டு வருஷம். பளு ஏற்றிச் சோதித்துத்தான் எண்ணைப் பிடிக்க வேண்டும், இரண்டு நாளாகும். தப்பான எண்ணில் ஓட்டினால் பெட்டி ஆளோடு நழுவிவிடும்.

"நடுவுல உள்ளத போட்டுடுங்கண்ணே. அண்ணி ஒரு தடவ இறங்குனா போதும். நானும் கூட வர்றேன்."

"அடுத்தவன் வீட்டு லிஃப்டுன்னா போடுவேனா?"

"மாட்டீங்க."

"அப்புறமென்ன?"

சாலிடர் கோலை அணைத்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, மெக்கானிக் பின்னால் வர, படியேறினார். மூன்றாம் மாடியில் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாற்காலியைப் பார்த்ததும் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கல்யாணத்தன்னைக்கு தூக்கியிருந்தா எடை கம்மியா இருந்திருக்கும்," என்றார். போர்டுக்காரர் சிரிக்கவில்லை. தன் பெல்ட்டைக் கழற்றி மனைவியின் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார். இருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு படி இறங்கி, முன்கால்களைப் பிடித்துக்கொண்டு, மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"கீழ்ப்பக்கம் நான் இருக்கேன். முதுகுப்பக்கம் நீ பிடி. கை தளர்ற மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடு தம்பி."