அகப்பை நிறையில் ஒரு தூண்டில்

என் அக்காவின் புருசன், அத்தான் கிருஷ்ணராசாவுக்கு ஒரு வியாதி உண்டு. எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவார். சுவிஸிலிருந்து லண்டனுக்கு வந்த புதிதில், பிள்ளைகளுக்குப் பெரிய சப்பாத்து வாங்கி நுனியில் பேப்பர் அடைத்துவிட்ட காலத்தில் தொற்றியது. பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள், வியாதி போகவில்லை. இரண்டு பேருக்குச் சமைக்கும் வீட்டில் இருபது பேருக்கான பானையும் அதற்கேற்ற பெரிய அகப்பையும் கிடக்கின்றன. சின்ன அகப்பை அக்கா தானாகப் போய் வாங்கியது. நான் வாய்க்காரி, இதைச் சொல்லிச் சொல்லியே அவரைச் சீண்டுவேன்.

போன வருடம் அக்கா சுசிலாவுக்குப் பாரிசவாதம் வந்தது. கால் தேறிவிட்டது. வலது கை தேறவில்லை. அதைவிட மோசம், அவள் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக்கூட வரமாட்டாள். கையைப் பார்த்து ஆளாளுக்கு விசாரிப்பார்களாம். வால்தம்ஸ்டோ வீட்டு யன்னலடியில் நாள் முழுக்க இருப்பாள். இப்படியே முடங்கிவிடுவாளோ என்று எனக்கும் அத்தானுக்கும் பயம் பிடித்தது.

மீன் பிடிக்கப் போவது அத்தானின் யோசனை. பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து அவர் வரும் வழியில் ஒரு குளம் இருக்கிறது. அங்கே தூண்டில் போடுகிறவர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அவர் தனக்கும் அக்காவுக்கும் மீன் பிடிக்க லைசென்ஸ் எடுத்தார். அக்கா அரை மனதோடு தலையாட்டினாள். ஆனால் அவர் வாங்கி வந்த தூண்டில் தடி பன்னிரண்டு அடி, கடல் மீனுக்கானது. ரீல் ஒரு தேங்காய் அளவு. குளத்தில் இருப்பதோ விரல் நீள மீன்கள். கேட்டால், பிறகு கடலுக்கும் உதவுமாம். குருவி தலையில் பனங்காய்.

குளத்தடியில் அக்கா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். வலது கை வழுக்க, தடி தண்ணீருக்குள் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தார்.

“இனி என்னை எங்கையும் கூப்பிடாதேங்கோ” என்றாள் அக்கா.

அன்று அத்தான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் முழுக்கக் குசினி வாசலில் நின்று, அவள் வலது கை எதை எதைத் தூக்குகிறது என்று பார்த்திருக்கிறார். கேத்தலைத் தூக்கவில்லை, சட்டியைத் தூக்கவில்லை. சின்ன அகப்பையை மட்டும் தூக்கிப் பருப்பைத் துளாவியது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு தூண்டில் கடைக்குப் போனார். அங்கே கோட் பொக்கற்றுக்குள்ளிருந்து அந்த அகப்பையை எடுத்தபோது எனக்கு மானம் போய்விட்டது. கடைப் பெண் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடி ஒரு கையில் அகப்பையையும் மறு கையில் தடியையும் பிடிக்க, அவள் ஒவ்வொன்றாய் மாற்றிக் கொடுத்தாள். தடி நீண்டால் நுனி கனக்கும், ரீல் பெருத்தால் மணிக்கட்டு நோகும் என்று விளக்கினாள். கடைசியில் ஆறடித் தடி ஒன்றும், உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீலும், தலைமுடி போன்ற மெல்லிய நூலும் சரிவந்தன. சின்ன மீன் தொட்டாலே அந்த நுனி வளையுமாம்.

வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: “அவளுக்குச் சொல்லிப்போடாதை. அகப்பையை வச்சு நிறுத்துப் பாத்ததெண்டு அறிஞ்சால் மனம் நொந்துபோவாள்.”

மனுசன் அகப்பையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார். அக்கா வீட்டையே புரட்டித் தேடிவிட்டு, கடைசியாய் வந்து போனவள் நீதானே என்று போனில் என்னை ஏசினாள். நான் பதில் பேசாமல் ஏச்சு வாங்கிய ஒரே நாள் அதுதான்.

புதுத் தடியை அத்தான் யன்னலடியில் சாத்திவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அக்கா அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் வலது கையால் தூக்கினாள், வைத்தாள், திரும்பத் தூக்கினாள். சனிக்கிழமை எங்களோடு குளத்துக்கு வந்தாள்.

கதிரைக் கையில் முழங்கையை ஊன்றி, தடியை வலது கையில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தாள். நுனி துடித்தது. அந்தக் கை தானாக உயர்ந்தது. இடது கையால் ரீலைச் சுற்ற, விரல் நீளத்தில் ஒரு மீன் வெள்ளியாய் வந்தது. அத்தான் கையை நனைத்து முள்ளைக் கழற்றி, அதைத் தண்ணீரில் விட்டார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு வருடமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காற்றுக் குளிரவே அத்தான் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார். அவள் சூட்டுக்காகக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது கையில் அகப்பை இருந்தது.

எங்கள் இருவரையும் பார்த்தாள். வலது கையால் அகப்பையைத் தூக்கினாள். அதை மடியில் வைத்துவிட்டுத் தடியைத் தூக்கினாள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அத்தான் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வீட்டில அந்தப் பெரிய அகப்பை கிடக்கெல்லே” என்றாள் அக்கா. “கொஞ்ச நாளில அதையும் தூக்குவன். அப்ப தடியை ஒரு சைஸ் பெரிசா வாங்குங்கோ.”