இடது பக்கத்து வயலின்

இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இயந்திரங்களில் எது சிறந்தது என்று நாங்கள் மூன்று பேர் ஏழு வருடங்களாக வாதாடிக்கொண்டிருந்தோம். வாரம் முழுக்க வாட்ஸ்அப் குழுவில் நடக்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி நேரிலும் நடக்கும். எங்களுக்கு அது சண்டை இல்லை. பேச வேறு எதுவும் இல்லாத வயதில் பேசக் கிடைத்த ஒரு விஷயம்.

நான் மூவார் நகரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இயந்திரக் கூடத்தின் மேற்பார்வையாளர். பலகை சீவும் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்தாறு வருடம் நின்றவன். மரம் தெரிந்தவன் என்பதால் என் கட்சியும் மரத்தின் பக்கம்தான். டர்ன்டேபிளின் அடிப்பாகம் கனமாக, அடுக்கடுக்கான பலகையால் ஆனதாக இருக்க வேண்டும். மோட்டாரைத் தள்ளி வைத்து, ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் தட்டைச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மோட்டாரின் நடுக்கம் ஊசிக்குப் போகாது என்பேன்.

சிம்பாங் ரெங்கம் என்ற ஊரில் இருக்கும் இரண்டாமவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். தட்டுக்கு நேர் கீழே மோட்டார் இருந்து அதை நேரடியாகச் சுற்றும் வகைதான் அவருக்கு உசத்தி. வேகம் இம்மி பிசகாது. வீணையில் ஒரு நீண்ட ஸ்வரத்தைப் போட்டுக் கேள், அது நடுங்காமல் நிற்கிறதா பார், மற்றதெல்லாம் அப்புறம் என்பார்.

மூன்றாமவர் லாயாங் லாயாங் என்ற ஊரில் ரயில்வே சிக்னல் வேலை பார்ப்பவர். எங்களில் இளையவர். ஊசியும் அதைத் தாங்கி வரும் கையும் சரியாக இருந்தால் அடியில் எது சுற்றினாலும் ஒன்றுதான் என்பது அவர் முடிவு. அதைச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் தொடர்வோம்.

இந்த வாதத்தில் ஒரு தடவை நான் ஜெயித்தேன்.

அண்ணனிடம் இருந்த டர்ன்டேபிள் அவருடைய சொந்த அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது. அந்த அண்ணன் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நான் விடவில்லை. பாட்டுக்கு அடியில் ஒரு முனகல் கேட்கிறது, அது மோட்டாரிலிருந்துதான் வருகிறது, உங்களுக்குப் பழகிப் போய்விட்டது அதனால் தெரியவில்லை என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருக்கே கேட்க ஆரம்பித்துவிட்டது. நானே தொழிற்சாலையில் மிஞ்சிய பலகைகளை ஒட்டி, என் முறைப்படி ஒரு பெல்ட் டர்ன்டேபிள் செய்து கொடுத்தேன். பழையதை இணையத்தில் விளம்பரம் பார்த்து வந்த ஒரு சிங்கப்பூர்க்காரர் எடுத்துப் போனார். அதைக் காரில் ஏற்றும்போது அண்ணன் வெளியே வரவில்லை. நான்தான் துணியில் சுற்றி ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்கு மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அந்தச் சமயத்திலேயே என் வீட்டில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி காரில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை. தினமும் காலையில் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். வழியெல்லாம் எதையாவது சொல்லிக்கொண்டே வருகிறவள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப் போய், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி வர ஆரம்பித்தாள். ஐம்பதைத் தாண்டினால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்பாங் ரெங்கத்தில் அண்ணன் வீட்டில் ஒரு சோதனை வைத்தோம். யோசனை லாயாங் லாயாங் நண்பருடையது. எதைப் பார்க்கிறோமோ அதைத்தான் கேட்கிறோம், கண்ணை மறைத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டோம். அதற்குப் பின்னால் இரண்டு இயந்திரங்கள்: நான் அண்ணனுக்குச் செய்து கொடுத்தது ஒன்று, நண்பர் தன் வீட்டிலிருந்து கொண்டு வந்த நேரடி மோட்டார் வகை ஒன்று. ஸ்பீக்கர்கள் போர்வைக்கு இந்தப் பக்கம். நியாயமாக இருக்க வேண்டும் என்று ஒரே ஊசியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பொருத்துவதாக ஏற்பாடு.

முதலில் நான் உட்கார்ந்தேன். போட்டது என்னுடைய இசைத்தட்டு, ஒரு வயலின் கச்சேரி. பதினைந்து வருடமாகக் கேட்டு வருவது. வயலின் இடது ஸ்பீக்கரிலும் மிருதங்கம் வலதிலும் வரும்படி பதிவானது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு தொடங்கியதும் பேசவும் தொடங்கினேன். இது பெல்ட்தான், சந்தேகமே இல்லை என்றேன். வயலின் இடது பக்கம் ஸ்பீக்கரைவிட்டு ஓர் அடி வெளியே வந்து நிற்கிறது, வில் கம்பியில் படும் இடம்கூடத் தெரிகிறது, நேரடி மோட்டாரில் இந்த விரிவு வரவே வராது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பேசி முடித்துக் கண்ணைத் திறந்தேன். அண்ணன் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் குனிந்து அதன் துணியில் காதை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதுல சத்தமே வரலயே," என்றார்.

நண்பர் போர்வைக்குப் பின்னாலிருந்து வந்தார். ஊசியை மாற்றும்போது முடி மாதிரி இருக்கும் ஒரு கம்பி கழன்றிருக்கிறது, அதனால் இடது பக்கம் ஆரம்பத்திலிருந்தே ஊமை என்று கண்டுபிடித்தார். அவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"வயலின் அந்தப் பக்கம் நிக்குதுன்னு சொன்னியே. எங்க நின்னுச்சு?"

எனக்கு வயலின் கேட்டது. இடது பக்கம்தான் கேட்டது. அதை இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன். பதினைந்து வருடத்துப் பழக்கத்தில் அது என் தலைக்குள்ளேயே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது வேறு.

"சும்மா ஒரு ஊகத்துல சொன்னேண்ணே," என்றேன்.

"எங்க அண்ணன் மெஷினையும் அந்த ஊகத்துலதான் கொடுக்கச் சொன்னியா?"

அவர் குரல் உயரவே இல்லை. போர்வையை அவிழ்த்து, நான்காக மடித்து, உள்ளே கொண்டு போனார். திரும்பி வரவில்லை. அன்று மாலையே குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

ஏன் பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டேன் என்றால், காது போய்விட்டதோ என்ற எண்ணம் அதைவிடப் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கைத்தொலைபேசியில் ஒரு பாட்டை வைத்து இடது காதில் அழுத்திப் பிடித்தேன். தூரத்தில் யாரோ துணி துவைக்கிற மாதிரி ஏதோ ஒன்று வந்தது. வலது காதுக்கு மாற்றினேன், பாட்டு வந்தது. மறுபடி இடது. நாலைந்து முறை மாற்றிப் பார்த்துவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டேன்.

முழுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தொழிற்சாலையில் வருடா வருடம் காதுப் பரிசோதனை உண்டு. ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். கடைசி இரண்டு தடவையும் இடது காதுக்கு வரும்போது நான் சத்தம் கேட்காமலே ஒரு கணக்கில், இடைவெளி விட்டு விட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். சரியாகக் கேட்க முடியவில்லை, ஜலதோஷம், அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தேறாவிட்டால் இயந்திரக் கூடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அதுதான் பயம். இரண்டு தடவையும் தப்பித்துவிட்டேன்.

அப்படியே ஐந்து மாதம் ஓட்டினேன். ஒரு நாள் மதியம் பலகை அடுக்குகளுக்கு நடுவே நின்று ஒரு சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். என் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததில் மல்லாக்க விழுந்தேன். நான் நின்ற இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் பின்பக்கமாக வந்து நின்றது. எச்சரிக்கை ஒலி கத்திக்கொண்டுதான் வந்திருக்கிறது. இழுத்தவர் என் கீழ் வேலை பார்க்கும் நேப்பாளத் தொழிலாளி. மலாய்மொழியில், "பாஸ், தக் டெங்காரா?" என்று கேட்டார். கேட்கவில்லையா என்று. நான் முதன்முதலாக ஒரு மனிதரிடம் உண்மையைச் சொன்னேன். "தக் டெங்கார்," என்றேன். கேட்கவில்லை.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடது காது அநேகமாகப் போய்விட்டது, வலதிலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது என்றார் மருத்துவர். இயந்திரச் சத்தம் மட்டும் காரணமா வேறு ஏதாவதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எத்தனை வருடமாக இப்படி என்றும் சொல்ல முடியாது என்றார்.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுகிறவன் உட்காரும் பக்கத்தையும் அவள் உட்காரும் பக்கத்தையும் பார்த்தாள். அவள் எப்போதும் என் இடது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நான் பேசிக்கிட்டேதான் வந்தேன்," என்றாள். "நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டே வருவீங்க. சில நேரம் 'ம்'னு சொல்வீங்க. வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முடிக்கவில்லை.

"மாரில ஒரு கட்டி மாதிரி இருக்குன்னு சொன்னேன். அதுக்கும் 'ம்'னீங்க. நானே தனியாப் போயி ஸ்கேன் எடுத்தேன். ஒன்னும் இல்லன்னுட்டாங்க. அதையும் வண்டியிலதான் சொன்னேன்."

என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு அவளே ஓட்டினாள். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். பழையபடி பேசுவதற்கு இன்னும் வரவில்லை. கேட்டால் பதில் சொல்கிறாள்.

நானே நிர்வாகத்திடம் சொன்னேன். பொத்தான் விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, என்னைப் பொருள்களைப் பெட்டியில் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். காதுக்கருவி கொடுத்தார்கள். மனிதர்கள் பேசுவது ஓரளவுக்குப் பிடிபடுகிறது. இசை தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது.

அதன் பிறகுதான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் போனேன். வாசலில் நிறுத்தியே பேசிவிடுவார் என்று நினைத்தேன், உள்ளே கூப்பிட்டார். காதுக்கருவியைப் பார்த்துவிட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா," என்றார். "இத்தன மாசமா உன்ன ஒரு ஏமாத்துக்காரன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

சொல்லியிருக்கலாம்தான் என்றேன்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"எங்க அண்ணன் மெஷின்ல முனகல் கேக்குதுன்னியே. அது மெஷின்ல கேட்டுச்சா, உன் காதுக்குள்ள கேட்டுச்சா?"

மருத்துவர் சொன்னது ஞாபகம் இருந்தது. காது போகிறபோது உள்ளே இரைச்சல் வரும், ஆரம்பத்தில் அது வெளியிலிருந்து வருகிற மாதிரியே இருக்கும் என்று சொல்லியிருந்தார். ஆனால் நிச்சயமாக எனக்குத் தெரியாது.

"தெரியலண்ணே," என்றேன்.

"எனக்கு மொதல்ல கேக்கவே இல்ல. நீ சொன்னப்புறம் எனக்கும் கேட்டுச்சே," என்றார் அவர். என்னைவிட அவர் தன்மேல்தான் கோபமாக இருக்கிறார் என்று தோன்றியது. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அந்தச் சிங்கப்பூர்க்காரரை அவர் முன்பே தொடர்பு கொண்டிருக்கிறார். அந்த மனிதர் இயந்திரத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டார். அந்த வேறொருவர் யார் என்று தெரியவில்லை. விளம்பரத்தில் எப்போதாவது வரலாம். மூடியின் பின்பக்கத்து மூலையில் கொசுவர்த்தி பட்டு ஒரு தழும்பு இருக்கும், அதுதான் அடையாளம் என்று சொல்லி, விரலால் காற்றில் ஒரு சிறு வளைவு போட்டுக் காட்டினார்.

நாங்கள் மறுபடி சந்திக்கிறோம். லாயாங் லாயாங் நண்பர் அண்ணனைக் குழுவிலும் திரும்பச் சேர்த்துவிட்டார். எந்த டர்ன்டேபிள் சிறந்தது என்று இப்போது யாரும் எழுதுவதில்லை. அண்ணன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார், டுரியான் விலையைப் பற்றிப் பேசுவார். எந்த ஓசையைப் பற்றியும் என்னிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை.

மதிய உணவு நேரத்தில் நான் சிங்கப்பூர் விளம்பரங்களைப் பார்க்கிறேன். அதே வகை இயந்திரம் இதுவரை ஒன்பது வந்திருக்கிறது. ஒவ்வொருவரிடமும் மூடியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். சிலர் அனுப்புகிறார்கள், சிலர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒன்றிலும் தழும்பு இல்லை. நான் தேடுவதை அண்ணனிடம் சொல்லவில்லை.