சாமி அறையில் சின்னத்துரை

நான் எழுதுவினைஞனாக இருந்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரை ஒன்பது மாத விடுப்பில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது நாயைப் பாதிரியாரிடம் விட்டார், குதிரையை நண்பரிடம் விட்டார். மூன்றாவது பிராணியை என் தலையில் கட்டினார். அது மெக்சிக்கோ நாட்டுச் சாதி, பெயர் அக்ஸலோட்டல். ஒரு சாண் நீளம், வெள்ளை உடம்பு, நாலு கால், கழுத்தின் இருபுறமும் சிவந்த செவுள் செட்டைகள். தண்ணீரை விட்டு வெளியே வராது. முகத்தில் எந்நேரமும் ஒரு சிரிப்பு. ஒருவருடைய விடுப்பு விண்ணப்பத்தை மறுக்கும்போது மேலதிகாரிகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

திரும்பி வரும்போது அது உயிரோடு இருந்தால், அன்றைக்கே என் யாழ்ப்பாண இடமாற்றத்தில் கையெழுத்து வைப்பதாகத் துரை சொன்னார். நாங்கள் கண்டிக்கு வந்து நாலு வருடம். ஊரில் மாமியார் படுத்த படுக்கை. தாயை நினைத்து என் மனைவி அழாத நாள் குறைவு. செய்தியைக் கேட்டதும் அவள் அலுமாரிக்கு மேலிருந்த தகர றங்குப்பெட்டியை இறக்கி, பித்தளைச் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பிராணியோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் நாலு பக்கச் சட்டதிட்டமும் வந்தன. வெயில் படக்கூடாது. அடியில் மாவலி ஆற்று மணல்தான், கூழாங்கல் போட்டால் விழுங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரை இரண்டு நாள் பானையில் தெளியவைத்து, வாரம் ஒருமுறை கால்வாசி மாற்ற வேண்டும். வெப்பமானி எழுபது பாகை பாரன்ஹைட்டைத் தாண்டக்கூடாது. உணவு, மண்புழு. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவக்காரன் நான்; கொல்லையைக் கொத்தி, கண்ணை மூடி, சிவ சிவா என்று இடுக்கியால் புழு ஊட்டினேன்.

எங்கள் வாடகை வீட்டில் வெயில் எட்டாத அறை ஒன்றுதான். அது சாமி அறை.

"புழுத் தின்னிக்கு என்ரை சாமியறையோ? நான் விடமாட்டன்" என்றாள் மனைவி. பிறகு றங்குப்பெட்டியைப் பார்த்தாள். மறுநாள் முருகனும் பிள்ளையாரும் முன்னறைக்கு வந்தார்கள். உள்ளே தொட்டி போயிற்று. வெள்ளையாய் இருந்ததால் அவள் அதைச் சின்னத்துரை என்று அழைத்தாள். வீட்டுக்கு வந்த சக எழுதுவினைஞர் ஒருவர், பழக்க தோஷத்தில் நேரே அந்த அறைக்குப் போய்க் கண்மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது சின்னத்துரை சிரித்துக்கொண்டிருந்தது. மனிதர் கூப்பிய கையை இறக்கவும் மாட்டாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பங்குனி வெக்கையில் தொட்டிக்கு நனைத்த சாக்குச் சுற்றினோம், போதவில்லை. பக்கத்துச் சோடாக் கடை முதலாளி, முஸ்லிம் மனிதர், மரத்தூளில் பொதிந்து ஐஸ் தந்தார். ஒருநாள் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிளாக்கர் ஐயா, எங்கட ஊட்டு மாப்பிள்ளைக்கும் இந்தக் கவனிப்பு இல்லயே!"

வினை அன்பினால் வந்தது. அந்நிய ஊரில் தனியாகக் கிடக்கிறதே என்று என் மனைவிக்கு அதன்மேல் இரக்கம் பிறந்துவிட்டது. யாரை நினைத்து இரங்கினாள் என்பது எனக்குத் தெரியும். துணைக்கு இருக்கட்டும் என்று ஓடையிலிருந்து ஒரு குட்டி நண்டைப் பிடித்துத் தொட்டியில் விட்டாள். மறுநாள் காலை சின்னத்துரைக்கு மூன்று கால்தான் இருந்தது. நண்டு மூலையில் ஒன்றும் அறியாதது மாதிரி இருந்தது.

நான் நண்டைப் பிடித்து வெளியே எறிந்தேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டும் எழுதி வையாதேங்கோ. துரை வரேக்கை பாப்பம்" என்றாள்.

எழுதாமல் இருப்பதா? பழி வரும் என்றால் முதலில் தாளில் பதிந்துவிட வேண்டும். கந்தோரில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான். ஒரு பெரிய கொப்பி வாங்கி, கோடு போட்டு, இங்கிலீசில் தேதி, வெப்பம், தின்ற புழு, உடல்நிலை என்று கட்டம் கட்டினேன். முதல் பதிவு: "முன் வலது கால் இல்லை. நண்டு உள்ளே வந்த விதம் விசாரணையில் உள்ளது."

ஒன்பதாம் நாள், கால் இருந்த இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு முளை தெரிந்தது. கண் மயக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் அது குச்சியானது. பிறகு விரல்கள் பிரிந்தன, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மனைவி முன்னறைக்கு ஓடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். நான் கந்தோர் அடிமட்டத்தால் நாள்தோறும் அளந்து, கறுப்பு மையில் காலையும் சிவப்பு மையில் செட்டையையும் வரைந்தேன். உண்மையைச் சொன்னால், பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. என் கையெழுத்து அவ்வளவு அழகாக அதற்கு முன்பும் பின்பும் அமைந்ததில்லை.

ஒன்பது மாதம் கழிந்து துரை வந்தார். சாமி அறையில் சப்பாத்துக் காலோடு நின்று கொப்பி முழுவதையும் வாசித்தார். நாலு காலையும் எண்ணினார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படங்களை இங்கிலாந்திலுள்ள படித்தவர்களுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். தன் பங்களாவில் வெயில் அதிகம், ஆகவே தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். யாழ்ப்பாணச் சூட்டில் இது ஒரு நாள்கூடத் தாங்காது, இப்படிப்பட்ட மனிதனை மாற்றி அனுப்பித் தான் எப்படி விட்டுக்கொடுப்பது என்று சொல்லி, என் தோளையும் தட்டிவிட்டுப் போனார்.

மனைவிக்கு இங்கிலீசு தெரியாது. கதவின் பின்னால் நின்றவள், கை குலுக்கியதைக் கண்டு முகம் மலர்ந்து வந்தாள்.

"எப்பவாம் போறது?"

சொன்னேன். அவள் பூட்டியிருந்த றங்குப்பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கொப்பியைப் பார்த்தபடி கேட்டாள்:

"உங்களை ஆர் இவ்வளவு வடிவா எழுதச் சொன்னது?"

சின்னத்துரைக்குப் பசி நேரம். மூன்று புழுவை ஊட்டினேன். அன்றைய பதிவை, வேண்டுமென்றே, கோணல்மாணலாக எழுதினேன்.