மூன்றாவது நடனம்

கார் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி தினமும் அந்தப் பையைத் திறந்து பார்ப்பார். சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் ஐந்து கறுப்புத் துண்டுகள் துணி சுற்றிக் கிடக்கும். "கிளாரினெட்டு சார், குண்டு இல்ல" என்று சலிக்காமல் சொல்வார் எங்கள் லைன் லீடர். ஒரகடம் பக்கத்துக் கிராமத்துக்காரர், பேண்டு செட்டில் ஊதிப் பழகியவர். நான் தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். ஊர் சர்ச்சில் கற்ற வயலினைக் கையோடு கொண்டுவந்திருந்தேன்.

சுற்றுவட்டாரச் சர்ச்சுகளிலிருந்து பன்னிரண்டு பேரைத் திரட்டிச் சின்னதாக ஓர் ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார் எங்கள் மியூசிக் மாஸ்டர். எங்களுக்கும் ஒரு தனிக் கிளாரினெட்டுக்குமாக மூன்று நடனங்கள் எழுதினார். மூன்றாவது பேய் வேகம். நடுவில் நாங்கள் சட்டென்று நிறுத்த, கிளாரினெட் மட்டும் எழ வேண்டும். அந்த இடத்துக்காகவே லைன் லீடர் சாப்பாட்டு நேரத்தில் பஸ் கொட்டகையில் நின்று மாதக்கணக்கில் ஊதினார். "கல்யாணம், சாவுன்னு நடந்துகினே ஊதியாச்சும்மா. ஒருவாட்டி, குந்திகினு கேக்குறவங்க முன்னாடி வாசிச்சிடணும்."

கச்சேரி ஒரு ஞாயிறு மாலை. பகலில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். காருக்கு அடியில் நின்று, தலைக்கு மேல் கை தூக்கி போல்ட் முடுக்கும் இடம் எனக்கு விழுந்தது. "வுடும்மா, வில்லு புடிக்கிற கை. நான் பாத்துக்கிறேன்" என்று ஷிஃப்ட் முழுக்க அவரே நின்றார். நான் பெரிதாக மறுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மேடையில் முதல் இரண்டு நடனங்களும் நன்றாகவே போயின. மூன்றாவதில் நாங்கள் நிறுத்தினோம். ஒன்றும் எழவில்லை. மடியில் கிளாரினெட்டோடு அவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, அவர் மெட்டை நான் வாசித்தேன். வயலினுக்கு மூச்சு வேண்டியதில்லை. ஆனாலும் அவர் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் நின்று நின்றுதான் வாசிக்க வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அதற்கப்புறம் லைனில் அவருக்குத் 'தூக்க வித்வான்' என்று பெயர். அவரும் சிரித்துக்கொள்வார். மறுபடி அவர் மேடையேறவில்லை. இப்போது நான் சூப்பர்வைசர். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தினமும் காலையில் பட்டியல் போடுகிறேன், அதற்குள்ளேயே அலுத்துவிடுகிறது.

போன மாதம் அவர் வேலையிலிருந்து நின்றார். பஸ்ஸுக்கு நிற்கையில் சொன்னார்: "அன்னிக்கு நான் தூங்கலம்மா. நீங்க நிறுத்துனது கேட்டுச்சு. கை எழும்பல."

"ஏன்ணே இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா உன்னாலன்னு ஆயிடும் இல்ல?"