மாப்பிள்ளைக்கு இல்லாத தங்கை

ரஷ்யாவும் உக்ரைனும் சண்டை போட ஆரம்பித்தபோது, தேனிப் பக்கம் எங்கள் கோம்பையில் அது சூரியகாந்தி எண்ணெய் விலையைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். டீக்கடை டிவியில் கட்டடங்கள் சரிவதைப் பார்த்துவிட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவோம். பிறகு அது என் தங்கை வீட்டுக்கே வந்தது.

தங்கையின் கணவர் துபாயில் ஓட்டல் சமையல்காரர். அங்கே வேலை போனதும், கம்பத்து ஏஜெண்டு ஒருவர் ரஷ்யாவில் கேன்டீன் வேலை என்று அனுப்பிவைத்தார். போன புதிதில் வீடியோ காலில் பனியைக் காட்டிச் சிரித்தார். போகப் போக, போனை முகத்தோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு பேசினார். பின்னால் எப்போதும் ஒரே பலகைச் சுவர். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

"அண்ணே, அவுக பேச்சே சரியில்ல. அந்தக் குளிருல யாராச்சும் இப்படி முடிய வெட்டுவாகளா?" என்றாள் தங்கை.

நான் அவளைத்தான் கடிந்துகொண்டேன். அடுத்த முறை அழைப்பு வந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவரிடம் சொன்னாள்:

"ஏங்க, உங்க தங்கச்சிக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்கு."

அவருக்குத் தங்கையே கிடையாது. ஒற்றைப் பிள்ளை.

எந்தத் தங்கை என்று அவர் கேட்கவில்லை. "சந்தோஷம். போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

போனை வைத்ததும் தங்கை என் பக்கம் திரும்பினாள். "பக்கத்துல யாரோ இருக்காக, அண்ணே."

ஏஜெண்டிடம் போனேன். "கேம்ப்லதான் சமைக்கிறாரு. கேம்புன்னா அங்கன பட்டாளத்தான் இருக்கத்தானே செய்வான்?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மறுமுறை போனபோது கடை பூட்டிக் கிடந்தது. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள்: தெரிந்தேதான் போயிருக்கிறார், பட்டாளத்துச் சம்பளம் வருகிறது, குடும்பமே மறைக்கிறது என்று. தங்கை குழாயடிக்குப் போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அவரை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மழைக்காலத்தில் அவர் மதுரை விமான நிலையத்திலிருந்து இடது காலை இழுத்தபடி வெளியே வந்தார். காயம் பட்டதால் விட்டுவிட்டார்களாம். சண்டை அங்கே நடந்துகொண்டுதான் இருந்தது.

பல வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். சமையலுக்கென்று கூட்டிப்போய்த் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"கூட ஒரு மலையாளத்துக்காரன் இருந்தான், மச்சான். குமுளிக்கு அங்கிட்டு. தமிழ் நல்லாத் தெரியும். நான் வீட்டுக்குப் பேசுறத ஆபீசர்ட்ட சொல்லிருவானோன்னு பயம். அவனும் நான் வந்தா போனக் கட் பண்ணிருவான்."

"அப்புறம்?"

"குண்டு விழுந்தப்ப அவன்தான் என்னய இழுத்துட்டுப் போயிப் பள்ளத்துல போட்டான். 'நீ போட்டுக்குடுக்குற ஆளுன்னு நெனச்சேன்டா'ன்னான். நானும் அதத்தான் நெனச்சேன்னேன். மறுநாள் அவன முன்னால அனுப்புனாக. வரல."

அந்த வீட்டைத் தேடிப் போயே ஆக வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஓட்டு வீடு. அவனுடைய அப்பா எங்களை உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மலையாளம் கலந்த தமிழில், "நீ மட்டும் எப்படி வந்நு?" என்றார்.

மாப்பிள்ளை வேட்டியை விலக்கிக் காலைக் காட்டினார். பெரியவர் தழும்பைக் குனிந்து பார்த்தார்.

"எங்கள் வாயடைக்க ஏஜெண்டு உன்னை அனுப்பியதா?"

"இல்லய்யா. நானாத்தான் வந்தேன்."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் நம்பரை வாங்கிக்கொண்டார்.

இப்போது டிவியில் சமாதானப் பேச்சுவார்த்தை என்கிறார்கள். மாப்பிள்ளை காது கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியவர் போன் செய்கிறார். எந்தப் பள்ளம், அவனை முன்னால் அனுப்பியது யார், கடைசியாக என்ன உடுத்தியிருந்தான் என்று அதே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார். பதில் எங்காவது பிசகுகிறதா என்று பார்க்கிறார் போலும். மாப்பிள்ளை ஒருநாளும் எடுக்காமல் இருந்ததில்லை.